ஹாலில் வைக்கும் கேமிங் பிசிக்கு எந்த ப்ராசஸர் வாங்கலாம்?

[திரையில்: டிவிக்குக் கீழுள்ள அலமாரித் தட்டில் ஒரு சிறிய கேபினட்]

வணக்கம். மாலையில் விளையாடவும் இரவில் படம் பார்க்கவும், டிவியோடு இணைத்து ஹாலிலேயே வைத்துக்கொள்ளும் ஒரு கணினிக்கு எந்த ப்ராசஸரை வாங்குவது என்பதை இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். விமர்சனங்களில் வரும் வேகப் பட்டியலைத் திறந்து, நம் கையிலிருக்கும் பணத்துக்கு எட்டும் இடத்தில் எது இருக்கிறதோ அதை வாங்குவதுதான் வழக்கம். மேசையில் வைக்கும் கணினிக்கு அந்த வழக்கம் பெரிதாக ஏமாற்றுவதில்லை. ஹாலுக்கு வாங்குபவர்களை அது அடிக்கடி ஏமாற்றுகிறது.

அந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்று பாருங்கள். ப்ராசஸர்களுக்கு இடையிலான வித்தியாசம் வெளியே தெரியவேண்டும் என்பதற்காக, சந்தையிலுள்ள மிக வலிமையான கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, ஃபுல் எச்டி தெளிவில், பெரிய கூலரோடு, பெரும்பாலும் திறந்த மேடையில் வைத்து அளக்கிறார்கள். சோதனைக்கு அது சரியான முறைதான். ஆனால் உங்கள் ஹாலில் இருப்பது 4கே டிவி, நடுத்தர விலைக் கார்டு, கதவுள்ள அலமாரி, அதற்குள் நுழையும் அளவுக்குச் சிறிய கேபினட். எனவே ஒரு ப்ராசஸர் எவ்வளவு வேகம் தரும் என்று கேட்பதற்கு முன்னால், அது வெளிவிடும் வெப்பத்தைச் சத்தமில்லாமல் வெளியேற்ற உங்கள் பெட்டியால் முடியுமா என்று கேட்கவேண்டும்.

[திரையில்: ரைசன் 7 7700எக்ஸ், ரைசன் 7 7700 பெட்டிகள் அருகருகே]

ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ், ரைசன் 7 7700 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் எட்டு கோர்கள், இரண்டும் ஒரே சென் 4 கட்டமைப்பு, சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகமான எல்3 கேஷ் இரண்டிலும் 32 எம்பி. முதலாவதன் உச்ச வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவதன் உச்சம் 5.3. ஆனால் முழுச் சுமையில் முதலாவது 142 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றிருக்கிறது, இரண்டாவது 88 வாட்டோடு நின்றுவிடுகிறது. விளையாட்டுகளில் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில சதவீதம் மட்டுமே. டிவிக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இவ்வளவு சிறிய ஆதாயத்துக்கு இவ்வளவு பெரிய செலவு ஏன் என்றால், ஒரு சிப் செலவிடும் மின்சாரம் அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸைப் பிடிக்க மின்னழுத்தத்தையும் சேர்த்து உயர்த்தவேண்டியிருப்பதால், அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் தாறுமாறான விலை கொடுக்கிறோம். அந்த வெப்பத்தை இழுக்க உயரமான டவர் கூலர் வேண்டும். தட்டையான கேபினட்டில் அதற்கு இடமில்லை. நாக்டுவா நிறுவனத்தின் என்எச்-எல்9ஏ போன்ற தட்டைக் கூலரின் உயரம் ஃபேனோடு சேர்த்து 37 மில்லிமீட்டர்தான். அது 7700 போன்ற 65 வாட் வகை ப்ராசஸரை (65 என்பது அட்டையிலுள்ள அளவு, 88 என்பது அதன் உச்சம்) அமைதியாகச் சமாளிக்கும், அதற்கு மேல் போனால் ஃபேன் அலறத் தொடங்கும்.

நம் ஊர் வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். கூலர் குறைப்பது சிப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்ப இடைவெளியைத்தான். குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் எடுத்த அளவை, மே மாதத்தில் ஏசி இல்லாமல் 35 டிகிரியில் இருக்கும் ஹாலுக்குக் கொண்டுவந்தால், அந்த 13 டிகிரியும் அப்படியே சிப்பின் மேல் ஏறிக்கொள்ளும். அலமாரிக் கதவை மூடினால் இன்னும் ஏறும். படத்தில் வசனமே இல்லாத காட்சி ஒன்று ஓடும்போது ஃபேன் இரைச்சல் கேட்டால், அந்தக் கணினியை வீட்டில் யாரும் நீண்ட நாள் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள்.

சரி, 65 வாட் ப்ராசஸர் விளையாட்டுக்குப் போதுமா?

ஒவ்வொரு ஃப்ரேமிலும் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எது எதோடு மோதுகிறது, எதிரி என்ன செய்யவேண்டும் என்பதையெல்லாம் ப்ராசஸர் கணக்கிட்டு, வரையவேண்டியவற்றைக் கார்டிடம் ஒப்படைக்கிறது. திரையின் தெளிவு ஃபுல் எச்டியிலிருந்து 4கே ஆனால் கார்டு நிரப்பவேண்டிய புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. ப்ராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே 4கே டிவியில் பெரும்பாலான நேரம் ப்ராசஸர்தான் கார்டுக்காகக் காத்திருக்கும். டிவியின் புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் தயாரித்துக் கொடுத்தாலும் திரை அதைக் காட்டப்போவதில்லை. 120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மேலே பார்க்கலாம், அவ்வளவுதான்.

டிவிக்காகவே பெட்டி தயாரிப்பவர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் நம்பிக்கை வரும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5இல் இருப்பது 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் எட்டு சென் 2 கோர்கள். இன்றைய கணக்கில் அது பழைய, மெதுவான ப்ராசஸர். வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் மெஷின், டிவிக்குக் கீழே வைக்கவே வடிவமைக்கப்பட்டது. அதில் சென் 4 கோர்கள் ஆறு. அவற்றுக்கு ஒதுக்கிய மின்சாரம் 30 வாட். கிராபிக்ஸ் பகுதிக்கோ 110 வாட். ப்ராசஸருக்கு ஒரு பங்கு என்றால் கிராபிக்ஸுக்கு மூன்றரைப் பங்குக்கும் மேல். நீங்களே கணினி கட்டும்போது மின்சாரத்தை மட்டுமல்லாமல் பணத்தையும் ஏறக்குறைய இந்த விகிதத்தில் பிரிக்கலாம் என்பேன்.

[திரையில்: கார்டு உள்ள கேபினட், கார்டு இல்லாத கேபினட்]

அடுத்த கேள்விதான் உண்மையில் முதலில் தீர்க்கவேண்டியது: தனி கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறீர்களா, இல்லையா?

கார்டு இல்லாமல் ஓட்டவேண்டும் என்றால், வலுவான கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ப்ராசஸர்கள் உண்டு. ஏஎம்டி ப்ராசஸர்கள் மதர்போர்டில் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டில் 2024 ஜனவரி இறுதியில் வெளிவந்த ரைசன் 7 8700ஜி, ரைசன் 5 8600ஜி ஆகியவை இந்த வகையின் நல்ல உதாரணங்கள். முதலாவதில் 12 கிராபிக்ஸ் யூனிட்களும் இரண்டாவதில் 8 யூனிட்களும் இருக்கின்றன. 8700ஜியின் கிராபிக்ஸ் வலிமை பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கு அருகில் வரும். ஃபுல் எச்டியில் அமைப்புகளைக் குறைத்து வைத்து ஆடவும், இண்டி விளையாட்டுகளுக்கும், நான்கு பேர் சோபாவில் உட்கார்ந்து சேர்ந்து ஆடுவதற்கும் அது தாராளம். புதிய பெரிய விளையாட்டை 4கேயில் ஆடலாம் என்ற ஆசையோடு மட்டும் அதை வாங்காதீர்கள்.

இவ்வகை ப்ராசஸரில் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரேம்தான். தனிக் கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060இன் நினைவகம் நொடிக்கு 272 ஜிபி தரவைக் கடத்தும். உள்ளமைந்த கிராபிக்ஸோ கணினியின் ரேமையே ப்ராசஸர் கோர்களோடு பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்5-6000 ரேம் இரண்டு ஸ்டிக் போட்டால் நொடிக்கு 96 ஜிபி கிடைக்கும். ஒரே ஸ்டிக் போட்டால் 48. "இப்போதைக்கு ஒன்று போதும், பிறகு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று கடையில் சொல்வார்கள். மற்றக் கணினிகளுக்கு அது ஒத்துக்கொள்ளத்தக்க யோசனை. 8700ஜிக்கு அது பாதி கிராபிக்ஸை வெட்டி எறிவதற்குச் சமம். 2025இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு, இந்த வழி முன்பு இருந்ததைப்போல மலிவானதாகவும் இல்லை.

இதே யோசனையின் இன்னொரு வடிவம், இப்போது 8600ஜி வாங்கிவிட்டுப் பிறகு கார்டு சேர்த்துக்கொள்வது. இதில் மறைந்திருக்கும் இழப்பை யாரும் பெட்டியின் மேல் எழுதுவதில்லை. 8600ஜியின் எல்3 கேஷ் 16 எம்பி; அதே ஆறு சென் 4 கோர்கள் கொண்ட ரைசன் 5 7600இல் அது 32 எம்பி. விளையாட்டுகளுக்குக் கேஷ் மிக முக்கியம் என்பதால், ஒரே கார்டைப் போட்டாலும் 7600 முந்திவிடும். கார்டுக்கும் ப்ராசஸருக்கும் இடையே தரவு ஓடும் பிசிஐஇ பாதையும் 8600ஜியில் எட்டு லேன்தான். அதற்கும் கீழேயுள்ள 8500ஜியில் வெறும் நான்கு. ஆறு மாதத்துக்குள் கார்டு வாங்குவது உறுதி என்றால், இன்றே 7600 வாங்கிவிட்டு, அதிலுள்ள சிறிய இரண்டு யூனிட் கிராபிக்ஸில் படம் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தப் பெட்டியோடு கூலரும் சேர்ந்தே வருகிறது. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்கு மேலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருப்பதால், பின்னர் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இடமிருக்கிறது.

7600இல் ஒரே ஒரு குறை சொல்லலாம். கோர்கள் ஒரு சிப்பிலும் உள்ளீடு–வெளியீட்டுப் பகுதி வேறொரு சிப்பிலும் இருப்பதால், எல்லாம் ஒரே சிப்பில் அமைந்த 8600ஜியைவிட, சும்மா இருக்கும்போதும் படம் ஓடும்போதும் அது சற்றுக் கூடுதலாக மின்சாரம் எடுக்கும்.

[திரையில்: வீடியோ ஓடும்போது ப்ராசஸர் பயன்பாட்டு வரைபடம்]

படம் பார்க்கும் பக்கத்துக்கு வருவோம். சுருக்கிச் சேமித்த வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை வழக்கமாக ப்ராசஸர் கோர்கள் செய்வதில்லை. கிராபிக்ஸ் பகுதியிலுள்ள தனி வன்பொருள் செய்கிறது. எச்.264, எச்இவிசி, விபி9 ஆகிய வீடியோச் சுருக்க வடிவங்களை இன்று கிடைக்கும் எல்லாமே விரித்துவிடும். பார்க்கவேண்டியது ஏவி1 மட்டும். 2018இல் வெளியான இந்த வடிவத்தை யூடியூப் விரிவாகப் பயன்படுத்துகிறது. விலை குறைவு என்பதால் பலர் தேடிப்போகும் ரைசன் 5 5600ஜி, ரைசன் 7 5700ஜி ஆகியவற்றிலுள்ள வேகா கிராபிக்ஸுக்கு ஏவி1 விரிக்கும் வன்பொருள் கிடையாது. அப்போது கோர்களே மென்பொருள் வழியாக அந்த வேலையைச் செய்யும். 4கே வீடியோ ஓடத்தான் செய்யும், ஆனால் ஃபேனும் சேர்ந்து ஓடும். மெல்லிய கேபினட்டுக்குப் பலர் விரும்பி வாங்கும் ஆர்எக்ஸ் 6400 கார்டிலும் இதே குறை உண்டு என்பதைக் கவனியுங்கள். 7600, 8600ஜி, 8700ஜி, இன்டெலின் 12ஆம் தலைமுறை ஐ5 ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

4கே புளூரே வட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அறியவேண்டிய ஒன்று உண்டு. அவற்றைக் கணினியில் அதிகாரபூர்வமாக இயக்க இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது; 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களிலிருந்து இன்டெல் அதை நீக்கிவிட்டது, ஏஎம்டியில் அது இருந்ததே இல்லை. அந்த வட்டுகளுக்கு ஒரு தனி புளூரே பிளேயர் வாங்கிவிடுவது நல்லது. எந்தப் புதிய ப்ராசஸரும் இதற்குத் தீர்வாகாது.

வீட்டிலுள்ள மற்ற போன்களுக்கும் டிவிகளுக்கும் இதே கணினி ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் போன்ற மீடியா சர்வர் மென்பொருள் வழியாகப் படங்களை மாற்றி அனுப்பவேண்டும் என்றால், இன்டெல் பக்கம் சாயலாம். வீடியோவை மாற்றும் அதன் குவிக் சிங்க் வன்பொருளுக்கு இவ்வகை மென்பொருள்களில் நீண்டகால ஆதரவு உண்டு. ஆறு கோர்கள் கொண்ட கோர் ஐ5-12400 இன்னும் கண்ணியமான தேர்வு. பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருந்தால் அதையே பயன்படுத்த அனுமதிக்கும் மதர்போர்டுகளும் கிடைக்கின்றன. ஐ5-12400எஃப் சற்று மலிவு என்று எடுத்துவிடாதீர்கள், எஃப் என்று முடியும் ப்ராசஸரில் கிராபிக்ஸும் இல்லை, குவிக் சிங்கும் இல்லை. இதன் அடிப்படை அளவு 65 வாட் என்று அட்டையில் இருந்தாலும், உச்சத்தில் 117 வாட் வரை போக இன்டெல் அனுமதிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்பட்டதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) திருத்தமும் கூடுதல் உத்தரவாதக் காலமும் கொடுத்தது. 12ஆம் தலைமுறைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ரைசன் 7 7800எக்ஸ்3டி பற்றியும் ஒரு வார்த்தை. 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட அது, 120 வாட் வகை என்று அட்டையில் இருந்தாலும், விளையாட்டில் 100 வாட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. சிறிய பெட்டிக்கு அது ஆச்சரியமாகப் பொருந்தும். 120 ஹெர்ட்ஸ் டிவியும் அதற்கு ஈடான உயர்விலைக் கார்டும் ஏற்கெனவே இருப்பவர்கள் மட்டும் அதை நினைக்கலாம். மற்றவர்கள் அந்த வித்தியாசப் பணத்தைக் கார்டில் போடுவதே மேல்.

[திரையில்: பயாஸ் திரை, எக்கோ மோட் அமைப்பு]

எதை வாங்கினாலும், விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே பயாஸைத் திறந்து மின்சார வரம்பைக் குறித்துவிடுங்கள். ஏஎம்5 போர்டுகளில் எக்கோ மோட் என்ற அமைப்பு இருக்கும். 8600ஜி, 8700ஜி இரண்டையும் 45 வாட் வரை இறக்க ஏஎம்டியே அனுமதிக்கிறது. இன்டெல் போர்டுகளில் பிஎல்1, பிஎல்2 என்ற இரு வரம்புகளையும் 65 வாட் என்று எழுதிவிடலாம். பிறகு ஒரு விளையாட்டை அரை மணி நேரம் அலமாரிக் கதவை மூடி ஓட்டிப் பார்த்து, ஃபேன் சத்தம் சோபா வரை கேட்டால் ஐந்து வாட் ஐந்து வாட்டாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை விழத் தொடங்கும் இடம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வெகு கீழே இருக்கும்.