ஓடும் வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீடித்தபோது, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அம்மாவின் இன்சுலின் குப்பிகளைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாதபடி ஒரு பெட்டிக்குள் வைத்துக் காத்தோம். பிரித்துப் பாவிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிர் வேண்டும்; உறைந்தாலும் பழுது, சூடேறினாலும் பழுது. ஆகவே பிற்பாடு பழைய வான் ஒன்றைத் தங்கிப் பயணிக்கும் வாகனமாக மாற்றியபோது, படுக்கைக்கும் அடுப்புக்கும் முன்னதாகக் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியே யோசித்தேன்.

எத்தனை வாற்று சோலார் பனல் வாங்கலாம் என்றுதான் என்னிடம் பலரும் முதலில் கேட்கிறார்கள். பெட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்ற கணக்கு அதற்கு முன்னால் வர வேண்டும். 12 வோல்ற்றில் இயங்கும் 40 லீற்றர் அளவான பெட்டியின் கொம்பிரசர், ஓடும்போது ஏறக்குறைய 50 வாற்று எடுக்கிறது. நமது வெக்கையில் அது பாதி நேரமாவது, அதாவது 12 மணித்தியாலம், ஓடும் என்று வைத்துக்கொண்டால், வாற்றை மணித்தியாலத்தால் பெருக்க, நாளொன்றுக்கு 600 வாற்று மணி. இரவு முழுதும் சுழலும் சிறு மின்விசிறி, விளக்கு, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்குமாக இன்னும் 200 சேர்த்துக்கொள்ளுங்கள். 100 அம்பியர் மணி லிதியம் பற்றரியில் ஏறத்தாழ 1280 வாற்று மணி அடங்கும். அதே அளவான ஈய அமில பற்றரியில் பாதியைத்தான் பழுதில்லாமல் எடுக்கலாம்.

கூரையில் படுக்கவைத்த 200 வாற்று பனல், நல்ல வெயில் நாளில் 600 முதல் 750 வாற்று மணி வரை தரும். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையளவிலேயே இருப்பதால், பனலைச் சரித்து நிறுத்தாததால் பெரிய நட்டமில்லை. ஆனால் கூரைத் தகட்டோடு ஒட்டிவிடாதீர்கள். சூடேறிய பனலின் விளைச்சல் குறைந்துவிடும், ஆதலால் அடியில் காற்று ஓட இரண்டு அங்குலமாவது விடுங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் பனலை மட்டும் நம்ப முடியாது. அப்போது எஞ்சின் சுழற்றும் மின்பிறப்பாக்கியிலிருந்து, இடையில் அதற்குரிய சார்ஜர் பொருத்தி, பற்றரியை ஏற்ற வேண்டும். 20 அம்பியர் சார்ஜர் ஒரு மணித்தியால ஓட்டத்தில் 250 வாற்று மணியளவு தரும். சார்ஜர் இல்லாமல் நேரே இணைத்தால் லிதியம் பற்றரி மட்டுமீறி இழுத்து மின்பிறப்பாக்கியைச் சூடாக்கிவிடும்.

மின்கேத்தலை மறந்துவிடுங்கள். 2000 வாற்று கேத்தல் 12 வோல்ற்று பற்றரியிலிருந்து 170 அம்பியருக்கு மேல் இழுக்கும். தேநீருக்குக் காஸ் அடுப்பு போதும்.

இத்தனையும் கணக்குப் பார்த்துச் செய்தும், நிலாவெளிக் கடற்கரையில் முதல் இரவே பெட்டி நின்றுபோனது. விடியற்காலை இரண்டு மணி. உள்ளே அம்மாவின் இன்சுலின். வோல்ற்று அளக்கும் மீற்றரைப் பற்றரியில் வைத்தேன், 12.3 காட்டியது. பெட்டியின் செருகியில் வைத்தபோது, கொம்பிரசர் உதைத்துக் கிளம்பிய கணத்தில் 11.1க்கு இறங்கியது, பற்றரி தீர்ந்துவிட்டதென்று எண்ணிப் பெட்டி தானே நின்றுகொண்டது. வானை மாற்றியமைத்துத் தந்தவர்கள் பின்பக்கம் வரை ஐந்து மீற்றர் தூரத்துக்கு மெல்லிய வயரை இழுத்திருந்தார்கள், வோல்ற்று அதில்தான் வழியிலேயே குறைந்துபோனது; அதுவும் பியூஸ் இல்லாமல். உரசி வெட்டுப்பட்டிருந்தால் தீப்பற்றியிருக்கும் என்று நினைக்க இன்றும் மனம் பதறுகிறது.

அன்றிரவு இன்சுலின் பெட்டியை முன்னிருக்கைக்கு அருகில் கொண்டுவந்து, பற்றரியோடு நேரே குறுகிய வயரில் இணைத்துச் சமாளித்தோம். கொழும்பு திரும்பியதும் பஞ்சிகாவத்தையில் 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் வாங்கி, பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ் வைத்து, நானே இழுத்தேன். பெட்டியின் பின்புறம் பலகையோடு ஒட்டி மூச்சடைத்துக் கிடந்ததையும் நகர்த்தி, வெப்பம் வெளியேற ஒரு கையளவு இடம் விட்டேன். அதன் பிறகு கொம்பிரசர் ஓயும் நேரம் கூடியது. இப்போது கொம்பிரசர் கிளம்பும்போது செருகியில் 12 வோல்ற்றுக்குக் கீழே இறங்குவதில்லை. அம்மா காலையில் எழுந்ததும் வெப்பமானியைப் பார்த்து, 4 பாகை என்று எனக்குச் சொல்வார்.