பெயரை அடித்த கோடு

வணக்கம். சோவியத் ஒன்றியம் எப்படி விழுந்தது என்று பேச ஆரம்பித்தாலே காலிக் கடைகள், நீண்ட வரிசைகள், மாஸ்கோ தெருவில் டாங்கிகள் என்றுதான் பேச்சு போகும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு வாக்குச்சீட்டு.

நாம் வேண்டியவர் பெயருக்கு நேரே பொத்தானை அழுத்துகிறோம். அங்கே வேண்டாதவர் பெயரை அடிக்க வேண்டும். பல பத்தாண்டுகளாகச் சீட்டில் இருந்ததே ஒரே ஒரு பெயர். வாங்கிய சீட்டை அப்படியே பெட்டியில் போட்டால் ஆதரவு. அடிக்க நினைத்தால் மறைப்புக்குள் போக வேண்டும், போகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும், சொல்லுங்கள்?

1989 மார்ச் 26. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் புதிதாக உருவாக்கிய மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்குத் தேர்தல். மொத்தம் 2,250 இடங்கள், அதில் 1,500க்குத்தான் பொதுமக்கள் வாக்கு. லெனின்கிராட் மாகாணக் கட்சித் தலைவர் யூரி சொலவ்யோவ் நிற்கிறார். சாதாரண ஆள் இல்லை, கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் தலைமைக் குழுவின் மாற்று உறுப்பினர். எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லை, அதைக் கவனியுங்கள். அப்படியும் தோற்றார்! பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்பது விதி, லெனின்கிராட் மக்கள் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கும் செய்தி இது.

சீர்திருத்தத்துக்குக் குறுக்கே நின்ற கட்சி அதிகாரிகளை மக்களைக் கொண்டே அசைக்கலாம் என்பதுதான் கோர்பச்சேவின் கணக்கு, அது பலித்தது. ஆனால் அவர் அந்தக் கோட்டுக்கு முன்னால் தன் பெயரை வைக்கவே இல்லை. கட்சிக்கு ஒதுக்கிய 100 இடங்களுக்குச் சரியாக 100 பெயர்கள், அதில் ஒருவராகத்தான் பேரவைக்கு வந்தார். 1990 மார்ச்சில் அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவைத் திருத்தி, அது உறுதிசெய்த கட்சியின் தலைமைப் பங்கை எடுத்தார்கள். எவ்வளவு பெரிய மாற்றம்! அதை ஒட்டியே அவர் குடியரசுத் தலைவரானார், அதுவும் பேரவை போட்ட வாக்கில், மக்கள் வாக்கில் இல்லை. அன்று அவர் நேராக மக்களிடம் போயிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1991 ஜூனில் அவருடைய போட்டியாளர் யெல்ட்சின் மக்களிடம் போனார், ஒன்றியத்தின் குடியரசுகளில் ஒன்றான ரஷ்யாவின் தலைவராக வென்றார்.

அப்புறம் ஆகஸ்ட். சீர்திருத்தத்தை எதிர்த்த ஆட்சிக் கவிழ்ப்புக்காரர்கள் கிரிமியாவில் ஓய்விலிருந்த கோர்பச்சேவின் தொலைபேசியைத் துண்டித்துவிட்டார்கள். வெளியில் நடப்பது அவருக்குத் தெரிந்தது ஒரு வானொலிப் பெட்டியால்! கவிழ்ப்பு தோற்று அவர் மாஸ்கோ திரும்பியதும், ரஷ்ய நாடாளுமன்றத்தில் அவர் கண்ணெதிரே, அவர் மறுக்க மறுக்க, ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயல்பாட்டை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார் யெல்ட்சின். மக்கள் வாக்கு யாரிடம் இருந்தது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பால்டிக் குடியரசுகளைப் பற்றிப் பேச முடியவில்லை. உக்ரைனை மட்டும் சொல்லிவிடுகிறேன்: டிசம்பர் 1இல் வாக்கெடுப்பு, 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு ஆதரவு. 25ஆம் தேதி இரவு கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகினார். நன்றி, வணக்கம்.