இரண்டு நாடுகளில் குவிந்த மக்கள்

நேயர்களுக்கு வணக்கம். உலகில் யூதர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம், பத்துக் கோடி, இருபது கோடி என்றே பலரும் சொல்கிறார்கள். நாள்தோறும் செய்திகளில் அடிபடும் அந்த மக்களின் தொகை உண்மையில் ஒன்றரைக் கோடியைச் சற்றே தாண்டுகிறது. அதாவது உலக மக்களில் ஆயிரத்துக்கு இருவர்.

1939-இல் அத்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே 65 லட்சமாக இருந்தது. நாஜிகள் அறுபது லட்சம் பேரைக் கொன்றார்கள். போலந்தில் மட்டும் முப்பது லட்சம் பேர் மாண்டனர். அதற்குப் பின் உலக மக்கள்தொகை மும்மடங்குக்கு மேல் பெருகியும், யூதர் தொகை இன்னும் அந்தப் பழைய அளவை எட்டவில்லை என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

தொகையைக் காட்டிலும் பரவல்தான் பெரிதும் மாறியிருக்கிறது. இன்று இஸ்ரேலில் எழுபது லட்சத்துக்கு மேலும் அமெரிக்காவில் அறுபது லட்சத்துக்கு மேலும் யூதர்கள் வாழ்கிறார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து பேர் இவ்விரண்டே நாடுகளில்.

இந்த மாற்றத்தின் ஆழத்தை உணர, பாக்தாத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர மக்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் யூதர். அரபு மொழி பேசி, அந்நகரின் வணிகத்திலும் இசையிலும் முன்னின்றவர்கள் அவர்கள். மும்பையின் சசூன் மீன்பிடித் துறைக்குப் பெயர் தந்த குடும்பமும் பாக்தாத்திலிருந்து வந்ததே. ஈராக்கின் முதல் நிதியமைச்சர் சசூன் எஸ்கெல் ஒரு யூதர். 1925-இல் எண்ணெய் ஒப்பந்தம் பேசியபோது, ஈராக்குக்கு உரிய தொகையைத் தங்க மதிப்பிலேயே தர வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வென்றவர். தம் நாட்டுக்காக அப்படி வாதாடியவரின் சமூகம், 1941-இல் பாக்தாத்தில் நடந்த படுகொலையாலும், இஸ்ரேல் உருவான 1948-க்குப் பின் வந்த நெருக்கடிகளாலும், குடியுரிமையைத் துறந்தால் வெளியேறலாம் என்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் வேரோடு பெயர்ந்தது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் விமானமேறி இஸ்ரேல் சென்றார்கள். இன்று பாக்தாத்தில் எஞ்சியிருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மொராக்கோவிலும் இதுவே நிகழ்ந்தது. இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் இன்று சில ஆயிரம் பேரே உள்ளனர். சோவியத் ஒன்றியம் குலைந்தபோதும் லட்சக்கணக்கானோர் புறப்பட்டு, பெரும்பாலும் அதே இரண்டு நாடுகளுக்குத்தான் சென்றார்கள்.

நேரம் குறைவாக இருப்பதால், பிரான்சில் நான்கு லட்சத்துக்கு மேலும், கனடாவில் நான்கு லட்சத்தை ஒட்டியும், பிரிட்டனில் மூன்று லட்சம் அளவிலும் யூதர்கள் உள்ளனர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரை யூதர் என்று கணக்கிடுவது என்பதையும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்கப்படுவதில்லை. எனவே அங்கு ஆய்வாளர்கள் மாதிரிக் கணக்கெடுப்புகளையே நம்புகிறார்கள். நான் சொன்ன ஒன்றரைக் கோடி, தம்மை யூதர் என்று கருதுவோரின் கணக்கு. தாத்தா பாட்டியரில் ஒருவர் யூதராயிருந்தாலும் குடியேற்ற உரிமை தரும் இஸ்ரேலியச் சட்டத்தின்படி எண்ணினால், அது இரண்டு கோடியைத் தாண்டும். நன்றி, வணக்கம்.