ஹிட்லருக்கு ஒரு சிறுமி எழுதிய கடிதங்கள்

(காட்சி: 1940களின் மயாமி பீச். கடலோரத் தெரு, அடுக்குமாடிக் குடியிருப்பு.)

பக்கத்து வீட்டு முதியவரைப் பார்த்தாலே பத்து வயதுச் சாலிக்கு நெஞ்சு படபடக்கிறது. அவர்தான் ஹிட்லர், மாறுவேடத்தில் ஒளிந்திருக்கிறார் என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறாள். ஒன்றையும் தபாலில் போடுவதில்லை.

சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் அவளுடைய பாட்டியின் உடன்பிறந்தவளும் அவர் மகளும் தாஹாவ் வதைமுகாமில் மாண்டவர்கள். பெரியவர்கள் குரல் தாழ்த்திப் பேசியதில் பாதியைக் கேட்டவள், மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறாள்.

சாலி வருவது 1977இல் வெளியான ஒரு நாவலில். அதை எழுதியவர் அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் ஜூடி ப்ளூம். 1938இல் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால், அம்மாவோடும் பாட்டியோடும் மயாமிக்குப் போன சிறுமி அவரேதான். பல் மருத்துவரான அப்பா ஊரிலேயே தங்கிவிட்டார். நாவலில் வரும் அப்பாவுக்கு 42 வயது. அவருடைய சகோதரர்கள் இருவரும் 42 வயதில் இறந்தவர்கள். அந்த வருடம் எப்போது கழியும் என்று சாலி நாள் எண்ணுகிறாள். ஜூடியின் அப்பா 1959இல் இறந்தார், மகளின் திருமணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது.

(காட்சி: இரவு. படுக்கையறையில் ஒரு சிறுமி.)

ஜூடிக்குப் பெயர் வாங்கித் தந்தவள் 1970இல் வந்த நாவலின் நாயகி மார்கரெட். அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர், மகளுக்கு மதம் ஏதுமில்லை. பாட்டி யூதக் கோயிலுக்கு அழைத்துப் போகிறாள், தோழி தேவாலயத்துக்கு. இரண்டு இடத்திலும் தட்டுப்படாத கடவுளோடு இரவில் தனியாகப் பேசுகிறாள்: எனக்கு எப்போது மாதவிடாய் வரும்? பழைய பதிப்பில் இடுப்புப் பட்டையில் மாட்டும் நாப்கின் வரும். பிற்காலப் பதிப்பில் அதை ஒட்டும் நாப்கினாக மாற்றினார்கள். தன் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு ஜூடியே கொடுத்த பிரதிகளைத் தலைமையாசிரியர் நூலகத்தில் வைக்க மறுத்துவிட்டார்.

1975இல் வந்த நாவலில் இளம் காதலர்களின் உடலுறவை மூடிமறைக்காமல் எழுதினார். எதிர்ப்பு இன்னும் பலத்தது. அமெரிக்காவில் அதிகம் எதிர்க்கப்பட்ட எழுத்தாளர்களில் அவரும் ஒருவர்.

என் கணிப்பில் அவர் நீண்ட காலம் சுமந்த கதை வேறு. 1951–52 குளிர்காலத்தில், 58 நாட்களுக்குள் மூன்று விமானங்கள் எலிசபெத் நகரில் விழுந்து நொறுங்கின. பற்களை வைத்துச் சடலங்களை அடையாளம் காண அழைக்கப்பட்டவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். அது நாவலாக வந்தது 2015இல்தான். மூன்றாவது விமானம் விழுந்த நாள் பிப்ரவரி 11. மறுநாள் ஜூடிக்குப் பதினான்காவது பிறந்தநாள்.