இளைத்த குதிரைக்குக் கொள்ளு எப்போது?

வணக்கம் நண்பர்களே. இன்று கேமராவைக் கையில் பிடிக்காமல் கொட்டிலின் தூணில் கட்டிவைத்துவிட்டுப் பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிற்கிற செவலைக்கு, முகத்துக்கு நேரே யாராவது எதையாவது நீட்டினால் இன்னும் நடுக்கம் வருகிறது. அவள் இங்கே வந்து இன்றோடு 47 நாள் ஆகிறது. இன்று மாலை நான்கு மணித் தீனியோடு அவளுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் கொள்ளு கொடுக்கலாம் என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். குதிரைக்குக் கொள்ளு கொடுப்பதைப் போய் ஒரு பதிவாகப் போடுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு பிடிக் கொள்ளுக்காக நாங்கள் 47 நாள் காத்திருந்த கதையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

எங்கள் காப்பகம் நீலகிரி மலைச்சரிவில் இருக்கிறது. ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன். இடம் தெரிந்துவிட்டால், இரவோடு இரவாக விலங்குகளைக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எங்களிடம் இருப்பதோ ஆறே கொட்டில்கள்.

செவலை ஒரு மட்டக்குதிரை. பல்லைப் பார்த்து வயது பன்னிரண்டு இருக்கலாம் என்று கணித்திருக்கிறோம். மலைச் சுற்றுலா ஊர் ஒன்றில் சவாரிக்கு ஓடியவள். ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊர்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு காலை முதல் இருட்டும்வரை நடக்கிற குதிரைகளில் பல, கூட்டம் வடிந்ததும் தெருவில் மேய்ந்துகொள்ளட்டும் என்று அவிழ்த்துவிடப்படுகின்றன. மழைக்காலத்தில் சந்தைக்குப் பின்னாலும் குப்பைத்தொட்டியைச் சுற்றியும் பிளாஸ்டிக் பையோடு சேர்த்து முட்டைக்கோஸ் இலையைத் தின்றுகொண்டிருப்பவை அவைதாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன பை குடலை அடைத்தால் அது புரண்டு புரண்டு துடிப்பதைப் பார்க்கவேண்டியதுதான். செவலைக்கு அந்த அடைப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது வெறும் பட்டினி.

வண்டியின் பின்பலகையைத் தாழ்த்தியபோது அவள் இறங்க மறுக்கவில்லை. இறங்கத் தெம்பில்லாமல் நின்றாள். இடுப்பெலும்பு இரண்டும் கூரை முகடுபோல் எழும்பி நிற்க, வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் குழி விழுந்திருந்தது. சேணம் அழுத்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அன்றே ஈக்களை விரட்டி, புண்ணைக் கழுவி, இரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டோம். குதிரைகள் இரணஜன்னிக்கு எளிதில் பலியாகிற சாதி. இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளித் தனிக் கொட்டிலில் வைத்தோம். கிளாண்டர்ஸ் என்ற தொற்று மனிதருக்கும் பரவக்கூடியது. அது உறுதியானால் குதிரையைக் கொல்லவேண்டும் என்பது 1899ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிற விதி. முடிவு வந்த நாளில் நான் மருத்துவரின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன், தாளைப் பார்க்கவில்லை. நல்லவேளை, தொற்று இல்லை.

எடை போடும் மேடை எங்களிடம் கிடையாது. தையற்காரரின் நாடாதான் எங்கள் எடைமேடை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்கவேண்டும். பிறகு தோள்முனையிலிருந்து பின்புறம்வரை நீளத்தை அளக்கவேண்டும். நெஞ்சளவை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறத்தாழ வந்துவிடும். செவலைக்கு நெஞ்சு 138 சென்டிமீட்டர், நீளம் 132. கணக்குப்படி 212 கிலோ. அவள் உயரத்துக்கு 290 கிலோவாவது இருந்திருக்கவேண்டும். எடையைவிடக் கைதான் உண்மையைச் சொல்லும் என்பார் மருத்துவர். கழுத்து, திமில்மேடு, தோளின் பின்புறம், விலா, முதுகு, வாலடி என ஆறு இடங்களைத் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று 1983இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதைத்தான் இங்கும் பின்பற்றுகிறோம். ஐந்து என்றால் நல்ல உடல். செவலைக்கு நாங்கள் போட்டது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்.

இப்படி ஒரு குதிரை கண்முன்னே நிற்கும்போது, கை தானாகக் கொள்ளுப் பானையை நோக்கித்தான் போகும். என் கை ஒருமுறை போயிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், வேறொரு குதிரை, வண்டி இழுத்துத் தேய்ந்த ஒரு கறுப்புக் கிழவன், மாலையில் வந்து சேர்ந்தான். மருத்துவர் மறுநாள் காலையில்தான் வருவார். அன்றிரவு நான் மட்டுமே இருந்தேன். பாவம், எத்தனை நாளாகப் பட்டினி கிடந்தானோ என்று ஒரு படிக் கொள்ளை வேகவைத்து, வெல்லத்தையும் தட்டிப்போட்டு வாளியில் வைத்தேன். அவன் வாளியின் அடியை நக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கப் போனேன். மூன்றாம் நாள் வியர்த்து, மூச்சு வாங்கி, படுத்தான். நான்காம் நாள் எழவில்லை. மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "எவ்வளவு போட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது என்ன என்பதை அவர் பிறகுதான் விளக்கினார். பட்டினி கிடக்கும் உடல் முதலில் கொழுப்பையும் பிறகு தன் தசையையுமே எரித்து உயிரைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் செல்களுக்குள் இருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை கரைந்துபோனாலும் இரத்தத்தில் அவற்றின் அளவு சரியாக இருப்பதுபோலவே தோன்றும். அந்த நிலையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் ஒரேயடியாக உள்ளே போனால் இன்சுலின் பெருகுகிறது. அது சர்க்கரையைச் செல்களுக்குள் தள்ளும்போது இரத்தத்தில் மிஞ்சியிருந்த அந்தத் தாதுக்களையும் கூடவே இழுத்துச் செல்வதால், இதயத்துக்கும் மூச்சுத் தசைக்கும் வேலை செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. சாவு அன்றே வருவதில்லை, மூன்று முதல் ஐந்து நாள் கழித்து வருகிறது. அதனால்தான் "நன்றாகத் தின்றதே, திடீரென்று எப்படிப் போயிற்று?" என்று பலர் குழம்புகிறார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். குதிரை விஷயத்தில் அந்தப் பழமொழியின் பின்பாதியாவது அன்றிரவு நினைவுக்கு வந்திருக்கலாம்.

பட்டினியிலிருந்து மீட்ட குதிரைக்கு எதைக் கொடுக்கலாம் என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை, உலர்த்திய அல்பால்பா. அதற்குத் தமிழில் நம் உழவர்கள் வைத்திருக்கும் பெயரே குதிரைமசால்தான்! புரதமும் தாதுக்களும் மிகுதி, மாவுச்சத்து குறைவு. கோவைப் பக்கத்திலிருந்து எங்களுக்கு மூட்டையாக வருகிறது. பெயரில் மசால் இருக்கிறதே என்று வேலிமசாலை வாங்கி வந்துவிடாதீர்கள். அதுவும் நல்ல தீவனம்தான், ஆனால் வேறு செடி.

பெரிய குதிரைக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோ என்பது அவர்கள் சொன்ன அளவு. செவலை அதில் பாதி உடம்புக்காரி என்பதால் 250 கிராம் என்று மருத்துவர் குறைத்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பன்னிரண்டுக்கும் விடியற்காலை நான்குக்கும் உட்பட, ஒரு நாளைக்கு ஆறு வேளை, மொத்தம் ஒன்றரைக் கிலோ. முதல் மூன்று நாள் அவ்வளவுதான். நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை அளவைச் சிறிது சிறிதாக ஏற்றி, வேளைகளைக் குறைத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கொண்டுவந்தோம். முதல் பதிவைப் பார்த்துவிட்டு, "ஒரு கைப்பிடிப் புல்லைப் போட்டுப் படம் பிடிக்கிறாயே, உனக்கு மனமிருக்கிறதா?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில். அந்தப் பத்து நாளில் தொட்டியை நக்கி முடித்துவிட்டு அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் தராசைக் கழற்றிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். இந்தக் காப்பகத்தில் எனக்குக் கடினமான வேலை அதுதான், சாணம் அள்ளுவதன்று.

இந்தத் தவறு புதியதுமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை இங்கே விலைக்கு வாங்கியும் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போவதாக எழுதிவைத்திருக்கிறார். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் ஊட்டுகிறார்கள் என்றும், குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே அழைத்துவருவதில்லை, செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம் என்றும் காரணம் சொல்கிறார். ஊர் ஊராகப் போனவரின் பேச்சு, கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் பாசத்தோடு தப்பான தீனி போடும் கை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியுமாதலால் அந்தப் பகுதியை என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் தொட்டிக்குக் கீழே பாதி மென்ற புல் உருண்டைகள் கிடந்தன, வெற்றிலைச் சக்கையைத் துப்பியதுபோல. அது பல்லின் கோளாறு. குதிரையின் கடைவாய்ப் பல் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வீதம் வெளிவந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது சரியாகத் தேயாத ஓரங்கள் கத்திபோலாகிக் கன்னத்தைக் கிழிக்கும். தெம்பு வந்தபிறகு லேசாக மயக்கம் கொடுத்து, வாயைத் திறந்துவைத்து, நீண்ட அரத்தால் மருத்துவர் அந்த ஓரங்களைத் தேய்த்துவிட்டார். மறுவாரம் தொட்டிக்கடியில் ஓர் உருண்டையும் இல்லை.

குளம்பு மட்டும் இன்னும் முடியவில்லை. சீவாமல் விட்டதால் முன்னங்குளம்பு இரண்டும் பழைய காலத்துச் சரிகைச் செருப்பின் முனைபோல் மேலே வளைந்திருந்தன. ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்தால் உள்ளிருக்கும் எலும்பும் தசைநாரும் தாங்காது என்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரம் போடுகிறோம். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதி அழுகி நாறியது. தினமும் சுரண்டிக் கழுவி, உலர்த்தி, மருந்து வைத்து இப்போது காய்ந்துவிட்டது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. முழுக் குளம்பும் புதிதாக இறங்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். லாடம் கட்டுகிற அண்ணன் 60 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பேருந்தில் வருகிறார். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்தே சுமார் 3.4 லட்சம்தான், 2012இல் இருந்ததைவிட 45 விழுக்காட்டுக்குமேல் குறைவு. குதிரை குறையக் குறைய லாடம் தெரிந்த கையும் குறைகிறது. அண்ணனின் மகன் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார்.

உரிமையாளர்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்கிறீர்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, தீனியும் நீரும் தராமல் விட்டதற்கு முதல் முறைக்கான அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. இந்தத் தொகை செவலையின் ஒரு நாள் தீவனத்துக்குக்கூடக் காணாது. அவர் எழுதிக்கொடுத்துவிட்டுக் குதிரையை ஒப்படைத்ததே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை ஐந்தரைக்கு நான் கொட்டிலுக்கு வந்தபோது செவலை நான்கு கால்களையும் நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தாள். கறுப்பன்தான் நினைவுக்கு வந்தான். கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டேன். அந்த ஓசைக்கு அவள் தலையைத் தூக்கி, எரிச்சலோடு என்னைப் பார்த்து, மறுபடியும் சாய்த்துக்கொண்டாள். காதோரத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது. குதிரை நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து உறங்கப் படுத்தாகவேண்டும். சுற்றியிருப்பது பாதுகாப்பான இடம் என்ற எண்ணம் வராதவரை அது படுக்காது. பதினெட்டு இரவுகள் அவள் நின்றே கழித்திருக்கிறாள்.

இன்று காலை அளந்ததில் நெஞ்சு 147 சென்டிமீட்டர், நீளத்தில் மாற்றமில்லை. 240 கிலோ. இன்னும் 50 கிலோ போகவேண்டும், அதற்குப் பல மாதங்களாகும். நேற்றிரவு 100 கிராம் கொள்ளை நானே நிறுத்து ஊறவைத்து, காலையில் வேகவைத்து, ஆறவைத்திருக்கிறேன். வெல்லம் போடவில்லை. மணி நான்கு ஆக இரண்டு நிமிடம் இருக்கிறது. தராசின் சங்கிலி கிலுகிலுத்ததுமே அவள் காது இரண்டும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன, பாருங்கள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கட்டும். நான் பேச்சை நிறுத்திக்கொண்டு தொட்டியருகே போகிறேன்.