பயன் இல்லாத பண்பு பெருகுமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். "மைக்ரோனீசியாவில் பிங்கலாப் என்ற குட்டித் தீவில் நிறமே தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே, இயற்கைத் தேர்வு உண்மையென்றால் அதனால் அவர்களுக்கு ஏதாவது நன்மை இருந்தாக வேண்டும் அல்லவா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இருந்தாக வேண்டியதில்லை. பரிணாமம் என்றாலே தேர்வு மட்டும்தான் என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதற்கு மரபணு நகர்வு என்று பெயர்.

பிங்கலாப்பில் 1775 வாக்கில் ஒரு பெரும்புயல் அடித்தது. புயலிலும் பின்னால் வந்த பஞ்சத்திலும் தப்பியவர்கள் சுமார் இருபது பேர். அவர்களில் ஒருவரிடம், தீவின் தலைவரிடம் என்று சொல்கிறார்கள், சி.என்.ஜி.பி.3 என்ற மரபணுவின் பழுதான பிரதி ஒன்று இருந்தது. ஒரு பிரதி பழுதானால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதானதே வந்தால்தான் உலகம் கறுப்பு வெள்ளையாகிவிடும். பகல் வெளிச்சத்தில் கண் கூசும், பார்வையும் மங்கும். மற்ற இடங்களில் இது முப்பது, நாற்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வரும். பிங்கலாப்பில் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள், ஆக இருபது பேரிடம் மொத்தம் நாற்பது பிரதிகள். அதில் ஒன்று பழுது என்றால் 2.5 சதவீதம். நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறைபாடு என்றால் பழுதான பிரதிகள் இன்று சுமார் 22 சதவீதம் (இரண்டும் பழுதாக அமையும் வாய்ப்பு 0.22 × 0.22, அதாவது சுமார் 0.05). அந்த மனிதர் புயலில் போயிருந்தால் பூஜ்யம். அவர் பிழைத்ததற்கும் அந்த மரபணுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"இது கதை மாதிரி இருக்கிறது, நிரூபணம் எங்கே?" என்பீர்கள். பீட்டர் பூரி என்பவர் 1956இல் வெளியிட்ட பழ ஈச் சோதனை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஈக்களை 107 குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் எட்டு ஆண், எட்டுப் பெண். கண் நிறத்துக்கான மரபணுவின் இரண்டு வடிவங்களும் எல்லாக் குழுக்களிலும் பாதிக்குப் பாதி. கண்ணைப் பார்த்தே எந்த ஈயிடம் எது இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தலைமுறைதோறும் குஞ்சுகளில் கண்மூடித்தனமாக எட்டுக்கு எட்டு எடுத்து அடுத்த தலைமுறைக்கு விட்டார். பத்தொன்பது தலைமுறைக்குள் பாதிக்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரு வடிவம் அடியோடு காணாமல் போய்விட்டது. சிலவற்றில் இது, சிலவற்றில் அது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஒரு வடிவம் தெளிவாக மேலானதாக இருந்திருந்தால் பெரும்பாலான குழுக்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

எண்ணிக்கைதான் இங்கே முக்கியம். பத்து முறை காசு சுண்டி ஏழு முறை பூ விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்தாயிரம் முறை சுண்டி ஏழாயிரம் பூ என்றால் காசையே சந்தேகிப்போம். பெரிய கூட்டத்திலும் நகர்வு உண்டு, ஆனால் ஆமை வேகத்தில்.

சரி, தீமையான மரபணுவைத் தேர்வு ஏன் களையவில்லை என்று கேட்கலாம். தேர்வுக்குத் தென்படுவது குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே. பிங்கலாப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒற்றைப் பிரதியோடு, கண் நன்றாகத் தெரிந்து, திருமணம் செய்து, பிள்ளை பெற்றுக்கொண்டு இருக்கிறார். அவரிடம் உள்ள பிரதியைத் தேர்வு தொடவே முடியாது.