தென்னை மரத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கவுனி அரிசி செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அது நாளைக்கு. நேற்று நாலு மணியில் இருந்து ஏழு மணி வரை மொட்டை மாடியில் நின்ற கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

கோட்டையூர்ப் புது வீட்டில் பால் காய்ச்சிய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், கூடத்தில் அப்பத்தாவுக்காகவே டிவி மாட்டினோம். வந்த நாளில் இருந்து படம் நிற்கவில்லை. அப்பத்தா பார்ப்பது பொதிகை ஒன்றுதான். 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆகிவிட்டது, அவருக்கு இன்னமும் பொதிகை. கம்பத்தில் பூஸ்டர் கட்டி இலங்கை டிவியான ரூபவாஹினி பார்த்தவர் அவர். "அப்பல்லாம் புள்ளிதான் விழும், இதென்னடி கட்டங்கட்டமா உடையுது" என்கிறார்.

டிஷ் சரிபார்க்க வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தென்னை மறைக்குது, வெட்டிருங்க, இல்லேன்னா பெரிய டிஷ் போடணும்" என்றார். கூலி முந்நூறு. எனக்கு வந்த கோபம்! அது அப்பத்தா வைத்த மரம். அதற்காகவே வீட்டு பிளானை நாலு அடி தள்ளினோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம வீட்டில் இருப்பது தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ். அது வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து, 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. நம்ம பக்கத்தில் இருந்து அது தென்கிழக்கே, சுமார் 69 டிகிரி உயரத்தில். இருபது அடி தள்ளி நிற்கிற மரம் அதை மறைக்க வேண்டுமானால் டிஷ்ஷுக்கு மேலே ஐம்பது அடி வளர வேண்டும். நம்ம தென்னை தரையில் இருந்தே முப்பத்தைந்து அடிதான்!

ஒன்று விட்டுவிட்டேன். அதற்கு முன்னாலேயே செட்-டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பார்த்திருந்தேன். ஸ்ட்ரெங்த் 80, குவாலிட்டி 28. பார்க்க வேண்டியது குவாலிட்டியைத்தான். ஸ்ட்ரெங்த்தில் இரைச்சலும் சேர்ந்தே வரும்.

அப்புறம் மாடியில் வயர் சுவருக்குள் இறங்குகிற இடத்து மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு துண்டு வயரை முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள்! டேப்பைப் பிரித்தால் சொட்டுச் சொட்டாக மழைத் தண்ணீர், செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.க்கு 13, 18 வோல்ட் மின்சாரமும் இதே வயரில்தான் மேலே போகிறது. இந்த முறுக்கில் என்ன ஒழுங்காகப் போகும்? புது வீட்டில் இப்படிச் செய்ய எப்படி மனசு வந்தது?

காரைக்குடி போய் டிஷ்ஷுக்குப் போடுகிற ஆர்.ஜி.6 வயர் பதினைந்து மீட்டர், அதன் முனைகளில் மாட்டுகிற எஃப் பின் இரண்டு வாங்கி வந்தேன். பின் ஒன்று பத்து ரூபாய். பத்தே ரூபாய்! பழைய வயரின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தால், ஒரு வளைவில் சிக்கி ஒரு மணி நேரம் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித்தான் வந்தது. பின் மாட்டியும் படம் இல்லை. கழற்றிப் பார்த்தால் வயருக்குள் நடுக்கம்பியைச் சுற்றி இருக்கிற வலைக் கம்பியில் ஒரே ஒரு இழை, தலைமுடி அளவுதான், நடுக்கம்பியைத் தொட்டு ஷார்ட் ஆகி இருந்தது. அதைக் கத்தரித்தேன். சரி, நீங்கள் செய்தால் பாக்ஸை அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

குவாலிட்டி 74! கீழே இருந்து அப்பத்தா, "வந்துருச்சுடி, இறங்கு" என்று கூப்பிட்ட குரல் எனக்குப் போதும்.

காலையில் அதே தென்னையில் ஆறு காய் இறக்கினோம். நாளைக்குக் கவுனி அரிசிக்கு அதைத்தான் துருவப் போகிறேன்.